நாற்காலியில் விழுந்த பேச்சு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குப் புதிதாக ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் அங்கே நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நம்புகிறேன். எழுத்தைப் பார்த்ததுமே இது அம்மாவின் கை என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பள்ளிக்கூட ஆபீசில் சான்றிதழில் பெயர் எழுதிப் பழகிய கை, அதனால் எழுத்து முத்து முத்தாக வருகிறது, பேச்சு மட்டும் என்னுடையது. நானே எழுதினால் முதல் வரி ஒழுங்காகப் போகும், அப்புறம் எழுத்து சிறுத்துச் சிறுத்து எறும்பு வரிசை ஆகிவிடும். அது ஏன் என்று உனக்குத் தெரியும். இப்போது ஊருக்கே தெரியும்.

கொஞ்ச நாளாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா கடையில் இருக்கிறார், குளிக்கிறார், அசந்து தூங்குகிறார் என்று அம்மா சொன்னதெல்லாம் பொய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். போனில் பேசினால் நீ நன்றாகப் பதில் சொல்வாய். எதைக் கேட்டாலும் பதறாமல், ஒரு மூச்சு விட்டு, கேட்டவர் மனம் கோணாமல் பதில் சொல்லத்தானே இத்தனை மாதம் நான் உனக்குப் பயிற்சி கொடுத்தேன். எனக்கு இப்போது உன் பதில் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாத மகள் வேண்டும், அவள் கடிதத்தில்தான் கிடைப்பாள்.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துவிடுவேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் படிகளையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு ஏறுகிறாள். மாடியில் குடியிருக்கும் தையல்காரர் புது மெஷின் போட்டிருக்கிறார், அது ஓடினால் நம் சமையலறை அலமாரியில் இருக்கும் தம்ளர்களெல்லாம் கூடச் சேர்ந்து பேசுகின்றன. கடையில் நான் முடி வெட்டும் நாற்காலியின் மிதி மறுபடியும் எண்ணெய் கசிகிறது, ஆளை மேலே தூக்கி வைத்தால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கிவிடுகிறார். இரண்டாவது நாற்காலியில் வேலை பார்க்கும் மீசை அதைக் கழற்றிப் பார்க்கிறேன் என்கிறான், நான் விடவில்லை, போன தடவை கழற்றியதை மாட்டத் தெரியாமல் மூலையில் குவித்து வைத்தவன் அவன். பெயர்தான் மீசை, முகத்தில் பேருக்கு ஒரு முடி கிடையாது, அந்தப் பெயரை அவனுக்கு வைத்ததே பேச்சு வந்த புதிதில் நீதான். அவனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அது அப்புறம்.

போன வருஷம் மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் போய்விட்டு வந்து நீ சுவரைப் பார்த்துப் படுத்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எழுத்துத் தேர்வில் அத்தனை பேரைத் தாண்டி வந்தவள், ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று கேட்ட முதல் கேள்விக்கே வாய் கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாய். இனிமேல் என்னால முடியாதுப்பா என்று நீ சொன்னபோது, பேச்சுதானே, அது நம் குடும்பத் தொழில், நான் சொல்லித் தருகிறேன் என்று சொன்னவன் நான். நீ அந்தக் கல்லூரி இருக்கும் ஊரிலேயே ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, சாயங்காலம் பயிற்சி நிலையத்துக்கும் போக ஆரம்பித்தாய். தினமும் வேலை முடிந்ததும் போனில் நான் கேள்வி கேட்க, நீ பதில் சொன்னாய். லீவில் வந்தபோது கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உன்னை என் நாற்காலியில் உட்கார வைத்துப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். நேருக்கு நேர் முகம் பார்த்தால் உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கண்ணாடியில் பார்த்தால் பேச்சு வருகிறது என்று கண்டுபிடித்தது யார்? மூன்று பேராக நடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா, சிரித்த முகத் தலைவர், குத்திக் குத்திக் கேட்கும் பெரிய டாக்டர், பாதி நேரம் தூங்கி வழியும் பேராசிரியர். தூங்குகிறவர் திடீரென்று விழித்து ஒரு கேள்வி கேட்பார், அதற்குத்தான் நீ அதிகம் பயந்தாய். மீசை வெளியே நின்று சிரித்துச் சிரித்து இருமியே போனான்.

அந்தத் தூங்குமூஞ்சிப் பேராசிரியர் ஒருநாள் கேட்ட கேள்வி உனக்கு மறந்திருக்காது. ஒரு நோயாளி தன் நோயைப் பற்றி யாரிடமும் சொல்லாதீர்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறார், கொஞ்ச நாளில் அவருக்கு நெருங்கிய ஒருவரே வந்து விசாரிக்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். “அவரோட அனுமதி இல்லாம ஒரு வார்த்தைகூட என் வாயிலேருந்து வராது. அவர் என்னை நம்பித்தான சொன்னார், அந்த நம்பிக்கை போயிட்டா அப்புறம் மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம்” என்றாய். எனக்குப் புல்லரித்தது. தோள் துண்டை எடுத்து உதறி உன் தலையைச் சுற்றித் தலைப்பாகை கட்டி, டாக்டரம்மா பாஸ் என்று சொன்னேன். மனப்பாடப் பதில் போலவே இல்லை, உள்ளேயிருந்து வந்தது என்று நினைத்தேன். நான் ஏமாந்தது அங்கேதான். நேர்காணலுக்குச் சொன்ன பதிலை எனக்குச் சொன்ன வாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்தது. அதுவரை உனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், படிக்கிற பெண்ணின் மனசைக் குழப்ப வேண்டாம் என்று இருந்தவன், அன்றைக்கு உன்னை எழுப்பிவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், நீ பின்னால் நின்றாய். வலது கையை மடியில் வைத்துக் காட்டினேன். சும்மா இருக்கும்போது அது தானாக ஆடுவதைக் கண்ணாடியில் இரண்டு பேரும் பார்த்தோம். நரம்பு டாக்டர் சொன்னதைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன், வேலையில் இறங்கிவிட்டால் நடுக்கம் அடங்கிவிடுவதையும், சுண்டுவிரலை வாடிக்கையாளர் தாடையில் ஊன்றிய பிறகுதான் கத்தியை வைக்கிறேன் என்பதையும் சொன்னேன். நாள் போகப் போகக் கூடும், நிறுத்த வேண்டிய நேரம் வரும்போது உங்களுக்கே தெரியும், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. இது எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது, மீசைக்குக்கூடத் தெரியாது, அத்தை காதுக்குப் போனால் அவ்வளவுதான், மூச்சு விடாதே என்றேன். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா” என்றாய். கேள்விகள் கேட்டாய், டாக்டர் மாதிரியே கேட்டாய். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

நீ வளர்ந்ததே அந்தக் கடைப் பெஞ்சில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய், காது மட்டும் நாற்காலிப் பக்கம் இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து மனிதர்கள் என்னென்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். துணியைக் கழுத்தில் கட்டி முகத்தில் நுரையைப் போட்டுவிட்டால் போதும், பெண்டாட்டியிடம் சொல்லாததை எல்லாம் சொல்லிவிடுவார்கள். நின்றுபோன நிச்சயதார்த்தம், பிள்ளை செய்த திருட்டு, ஆபீசில் வாங்கிய அவமானம். நாற்காலியில் விழுந்த பேச்சை விழுந்த முடியோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட வேண்டும், அடுத்த ஆள் உட்காரும்போது தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று உன்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அம்மா முறுக்கைக் காட்டி உன் வாயைக் கிளறிப் பார்ப்பாள், என்னடி சொன்னார் அந்த வாத்தியார் என்று. முறுக்கை வாங்கித் தின்றுவிட்டு எனக்குத் தெரியாதே என்று கையை விரித்துவிடுவாய். ஊரார் பேச்சை எல்லாம் அப்படிக் காத்தவளுக்கு அப்பன் பேச்சு மட்டும் எப்படிக் கனத்துப்போனது என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். பயிற்சி நிலையத்தில் நீ செய்த மாதிரி நேர்காணலைப் படம் பிடித்து மற்றப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று நீயே சந்தோஷமாகப் போன் செய்தாய் அல்லவா, நான் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. முடி வெட்ட வந்தவர், சில்லறை மாற்ற வந்தவர், வழி கேட்க வந்தவர் எல்லாரிடமும், என் மகள் பேச்சுதான் அங்கே பாடமாம் என்று சொன்னேன். டிரைவிங் ஸ்கூல்காரர் அதைக் கேட்டுவிட்டுப் போனவர், தன் மகனும் அதே பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருப்பதால் அவனிடம் சொல்லி அந்த வீடியோவைப் போனில் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் கொண்டுவந்தார், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், துணி கட்டினேன், நுரை போட்டேன், கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது, “உங்க பொண்ணப் பாக்கலாம் வாங்க, நானும் இன்னும் பாக்கல, சேந்தே பாப்போம்” என்று போனைக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்து, பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார்.

நீ நீலச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று கேட்டார்கள், போன வருஷம் உன்னைக் கவிழ்த்த அதே கேள்வி. நான் சொல்லிக் கொடுத்தபடியே ஒரு மூச்சு விட்டாய். பார்த்தீர்களா, அது நான் சொல்லிக் கொடுத்தது என்று டிரைவிங் ஸ்கூல்காரரிடம் சொன்னேன், அந்த வாய் மூடுவதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். என் அப்பா முடிதிருத்துபவர், அவர் கை நடுங்குவதை வீட்டில் முதலில் கவனித்தது நான்தான் என்றாய். ஒருநாள் அவர் ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தை வெட்டிவிட்டார், அன்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா, போதும், கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள் என்று சொன்னேன், அவர் என் தோளில் சாய்ந்து அழுதார், மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன், அன்றிலிருந்து அவர் கத்தியைத் தொடவில்லை, அன்றைக்குத்தான் டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தேன் என்றாய். சொல்லும்போது குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. கேள்வி கேட்ட அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தியைத் தொடாத அந்த அப்பன் இங்கே கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான்.

பெஞ்சில் இருந்தவர்கள் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் அவசரமாகப் போனை அணைத்துவிட்டு, “பரவால்லண்ணே, நீங்க போடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல” என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. ஆனால் துணிக்கு அடியில் அவருடைய இரண்டு கையும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பயமே விட்டுப்போன மனிதர் அவர். நான் கத்தியை மடக்கி வைத்தேன். மீசை வந்து மீதியை முடித்துக் கொடுத்தான். நான் கொல்லைப்புறம் போய்த் துண்டு துவைத்தேன், துவைத்த துண்டையே மறுபடி துவைத்தேன்.

இதில் உன்னை நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில், நான் இதுவரை யார் கன்னத்தை வெட்டினேன்? அந்த மனிதர் யார், பெயர் சொல். இந்தக் கை ஆட ஆரம்பித்ததிலிருந்து ஒருவர் தோலில் ஒரு கீறல் விழுந்ததில்லை, அதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம், என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நீயா? நடுக்கத்தை முதலில் கண்டது உன் அம்மா. டீத் தட்டில் தம்ளர் கடகடவென்று ஆடியது, அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, மறுநாளிலிருந்து தட்டில்லாமல் பெரிய கப்பில் முக்கால் அளவு ஊற்றிக் கொடுத்தாள். தட்டெல்லாம் எங்கே என்று நான் கேட்டதற்கு, “கழுவிக் கழுவிக் கை வலிக்குது, இனிமே தட்டு கிடையாது” என்றாள். அப்படிப் பல நாள் காத்திருந்து, நானே வாயைத் திறந்த அன்றைக்கு, முன்னமேயே வாங்கி வைத்திருந்த டோக்கனை எடுத்துக் காட்டினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைத் தன் கைப்பைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். நீ சொன்ன கதையில் அம்மா என்று ஒருத்தியே இல்லை. இதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. எழுது என்றேன். இதெல்லாம் எதுக்குங்க, விடுங்க என்கிறாள். அவள் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பயிற்சி நிலையத்துக்காரர் சொந்தக் கதை வேண்டும், கேட்கிறவர் கண் கலங்க வேண்டும் என்று நெருக்கியிருப்பார், பிள்ளை பயத்தில் ஏதோ சொல்லிவிட்டது என்று அம்மா உனக்காக வாதாடுகிறாள். போன வருஷம் நீ பட்ட அவமானத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் பயத்தில் உளறியவள் முகம் எனக்குத் தெரியும், போன வருஷம் பார்த்தேன். இது உளறல் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் இறங்க வேண்டும் என்று அளந்து வெட்டிய பேச்சு. கண்ணாடி பார்த்துப் பலமுறை பழகியிருக்கிறாய். என்னோடு தினமும் போனில் பேசி, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பார்த்தவள், ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்ற ஒரு கேள்விக்கு மட்டும், அத நான் பாத்துக்கறேன்ப்பா, அடுத்தது கேளுங்க என்று தாண்டித் தாண்டிப் போனாயே, அது ஏன் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. என்னிடம் பயிற்சி எடுத்துக்கொண்டே என்னை விற்றிருக்கிறாய். இந்த இடத்தில் நான் வேறு ஒரு வார்த்தை சொன்னேன், அம்மா எழுத மாட்டேன் என்றுவிட்டாள். அது என்ன வார்த்தை என்று நீயே ஊகித்துக்கொள்.

இப்போது கடை எப்படி நடக்கிறது என்று கேட்பாய். வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், முன்னைவிட அதிகமாகவே நலம் விசாரிக்கிறார்கள். அண்ணே, எனக்கு அவசரமில்லை, மீசை அந்த ஆளை முடிக்கட்டும் என்று என் நாற்காலி காலியாக இருக்கும்போதே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்கள். தைரியசாலிகள் என்னிடம் உட்கார்ந்து, முடி மட்டும் போதும், ஷேவிங் வீட்டிலேயே பண்ணிக்கொள்கிறேன் என்கிறார்கள். ஒருவர்கூட முகத்துக்கு நேரே ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன், பரிதாபத்துக்கு என்ன பதில் சொல்வது, அதற்கு நீ எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லையே. அத்தையும் போன் செய்து அழுதுவிட்டாள், அழுது முடித்து, யார் கண் பட்டதோ என்று ஒரு பட்டியலும் வாசித்தாள்.

மீசையிடம் நானே போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் நின்றவனிடம் மறைத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால், “எனக்கு எப்பவோ தெரியும்ணே, நீங்களா சொல்ற வரைக்கும் நான் ஏன் கேக்கணும்” என்கிறான். மேடு பள்ளமான தாடைக்காரர்கள், பரு முகக்காரர்கள், உட்கார்ந்த இடத்தில் நெளிகிறவர்கள், இவர்களை எல்லாம் இவ்வளவு நாளும், வாங்க சார், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் என்று தன் நாற்காலிக்கு இழுத்துக்கொண்டிருந்தான். என் ஆட்களைப் பறிக்கிறான் என்று நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. நீ வைத்த பெயரைத் தவிர எனக்கும் அவனுக்கும் ஒரு உறவும் கிடையாது. அவன் காத்தான். நான் பெற்றவள் அதைப் போட்டு உடைத்தாய். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதையெல்லாம்கூட நான் விழுங்கிவிடுவேன், விழுங்க முடியாதது ஒன்று இருக்கிறது. அப்பா, போதும், கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள் என்ற வார்த்தையை நீ எனக்குச் சொன்னதே இல்லை. அன்றைக்குக் கடையில் என் பின்னால் நின்றபோது சொல்லவில்லை. தினமும் போனில் பேசினாயே, அப்போது சொல்லவில்லை. ஒருநாள் நானே, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று உன்னைக் கேட்டேன். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா, நீங்க தாராளமா வேலை பாருங்க” என்றாய். என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு அவர்களிடம் வேறொன்று சொன்னாய், இரண்டில் எது உன் மனசு? கத்தியை வைத்துவிட வேண்டும் என்றுதான் நீ நினைத்திருந்தால், அதைச் சொல்ல உனக்கு உரிமை இருந்தது, கேட்டுக்கொள்ள எனக்குக் காது இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன் என்றாயே, நிஜமாகவே பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நான் வைத்திருப்பேன். தோளில் சாய்ந்து அழுதிருந்தாலும் அழுதிருப்பேன். என் மகள் எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையை, வேறொருவர் போனில், நுரை பூசிய முகத்துக்குப் பக்கத்தில், பெஞ்சில் இருந்தவர்களோடு சேர்ந்து நானும் முதல் தடவையாகக் கேட்டேன்.

வருகிற வாரம் உன் நிஜமான நேர்காணல். அங்கேயும் அதையேதான் சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், கண் கலங்க வைத்த பேச்சை யார் மாற்றுவார்கள். மாற்றினால் போன வருஷம் மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்படுவாய், அதுவும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அந்தக் கை என்னுடையது, உனக்கு நான் அதைத் தரவில்லை. சொல்லக் கூடாது. இந்த ஒரு வருஷமும் வீணாகப் போனாலும் சரி, சொல்லக் கூடாது. உனக்கு அந்தச் சீட்டு கிடைக்க வேண்டும் என்று நான் நினைக்கும் அளவுக்கு நீகூட நினைத்திருக்க மாட்டாய், அதைத் தெரிந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். வேறு என்ன சொல்வது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பரிசோதனைக்கூடத்தில் தினமும் யார் யாரோ ரத்தம் உன் கையில் வந்து போகிறது, அங்கே உனக்கென்று ஒன்றுமே தோன்றவில்லையா? தோன்றவில்லை என்றால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லு. அந்தத் தூங்குமூஞ்சிப் பேராசிரியர் அதற்கும் ஒருநாள் உன்னைப் பாஸ் போட்டார், நினைவிருக்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக.

நேர்காணல் முடிந்த பிறகு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வண்டி ஏறி இங்கே வா. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் நாற்காலியில் உட்காருகிறேன், நீ பின்னால் நில். உன் மனசில் இருப்பது எதுவோ அதை என்னிடம் சொல். கத்தியை வைக்கச் சொன்னால் வைப்பேனா, சண்டை போடுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. அதுவரை நான் முடி மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறேன், முகத்துக்குப் போவதில்லை. நீ சொன்ன கதையை மெய்யாக்க இல்லை, எதிரே உட்காருகிறவர் கை துணிக்கடியில் இறுகுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

நேர்காணல் அன்றைக்குப் போகும்போது அசல் சான்றிதழ்களை மேலே வை, நகல்களை அடியில் வை, தேடித் தடவாதே. புதுச் செருப்பை அன்றைக்குத்தான் முதலில் போடுவேன் என்று அடம் பிடிக்காதே, இப்போதே போட்டு நடந்து பழக்கு. முன்பக்கம் முடி கண்ணில் விழுகிறது, வீடியோவில் பார்த்தேன், அங்கே யாரிடமாவது கொடுத்து ஒரு விரற்கடை வெட்டிக்கொள், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெறும் வயிற்றோடு போகாதே. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இப்போதைக்குத் தீராது, அதற்காக நீ தோற்க வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. நல்லபடியாக இரு, நல்ல பெயர் எடு. கடிதம் கிடைத்ததும் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். அம்மா தன் பங்குக்கு அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறாள், கதையில் அவளை விட்டுவிட்டதற்கு அவளிடமும் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, அவளாக அதைக் கேட்டு வாங்க மாட்டாள்.

கடிதம் முழுக்க அம்மாவின் கை, கீழே இருக்கும் கையெழுத்து மட்டும் என்னுடையது. பேனாவை வாங்கி நானே போட்டேன். ஆரம்பத்தில் பெரிதாக இருக்கும், முடிவதற்குள் சிறுத்துப் போயிருக்கும், படிக்க முடியாவிட்டால் வெளிச்சத்தில் பிடித்துப் பார். கடையில் யாருக்கும் இதைக் காட்டியதில்லை, டாக்டர் எழுதிக் காட்டச் சொன்னபோதுகூடக் கூச்சப்பட்டேன். உனக்கு மட்டும் காட்டுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா